ஒரு சதுர மீட்டர் ஊற்றின் வரவு செலவு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒகாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊற்று இருக்கிறது. ஊற்று என்றதும் கிணற்றடியில் கசிவதை நினைத்துவிட வேண்டாம். சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து பொங்கி, பிறந்த இடத்திலேயே ஆறாக ஓடுகிற அளவுக்குப் பெரிய ஊற்று அது. தண்ணீர் பளிங்கு போல இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே, அடியில் கண்ணாடி பதித்த படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் அடித்தரையைக் காட்டுகிறார்கள். 1950களில் அங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு மீன்களுக்கு ரொட்டி போடும் பழக்கம் இருந்தது. நம்மூர்க் கோயில் குளத்தில் பொரி போடுகிற மாதிரிதான்.

அந்த ரொட்டியையும் ஒருவர் கணக்கில் எழுதினார். ஹோவர்டு ஓடம் என்ற சூழலியலாளர். 1950களின் முற்பாதியில் அந்த ஊற்றுக்குள் எவ்வளவு ஆற்றல் வருகிறது, எந்த உயிர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்து, 1957இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் ரொட்டிக்கென்று ஒரு வரி இருக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, ஓர் ஆண்டுக்கு, 486 கிலோகலோரி. அந்தக் கட்டுரையின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால், பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த உணவுச்சங்கிலி வேறொரு கதையாக மாறிவிடுகிறது.

புத்தகத்துப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. நடுவே அம்புக்குறிகள். யாரை யார் சாப்பிடுகிறார்கள் என்று அந்த அம்புகள் சொல்லும். எவ்வளவு சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டதில் எவ்வளவு அடுத்தவருக்குக் கிடைக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. புல்லுக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவே இருக்கிற அம்பும், பாம்புக்கும் பருந்துக்கும் நடுவே இருக்கிற அம்பும் ஒரே தடிமனில் இருக்கும். அந்தப் படத்தில் உள்ள பெரிய பிழை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் அம்பை ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வரைந்தால், கடைசி அம்பு நூல் அளவுகூட வராது.

இந்த 'எவ்வளவு' என்ற கேள்வியை முதலில் அழுத்தமாகக் கேட்டவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் பாக் ஏரி என்று ஒரு சின்ன ஏரி. ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். தன் முனைவர் பட்டத்துக்காக லிண்டமன் அதில் இறங்கி ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். பாசி, நீர்ச்செடி, மிதவை உயிரிகள், சேற்றுப் புழுக்கள், மீன்கள் எல்லாவற்றையும் சேகரித்து, எடை போட்டு, கடைசியில் அத்தனையையும் கலோரியாக மாற்றினார். அதுவரை சூழலியலில் உயிர்களை எண்ணிக்கையாகவோ எடையாகவோதான் பெரும்பாலும் பார்த்தார்கள். ஒரு நத்தையையும் ஒரு மீனையும் ஒரு கைப்பிடிப் பாசியையும் ஒரே தராசில் வைக்க ஆற்றல் என்ற அளவுகோல் உதவும் என்பதை லிண்டமன் கண்டுகொண்டார். சூரியனிடமிருந்து வந்த ஆற்றல் ஒவ்வொரு படியாக ஏறும்போதும் குறைகிறது என்று அந்தக் கணக்கு காட்டியது.

அவர் எழுதியதை ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள். வெறும் கோட்பாடு, தரவு போதாது என்பது அவர்களின் எண்ணம். யேல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டிய ஜி. ஈவ்லின் ஹட்சின்சன் விடாமல் வாதாடிய பிறகே அது ஏற்கப்பட்டது. 1942 அக்டோபரில் அச்சில் வந்தது. லிண்டமன் அதைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் மாதமே கல்லீரல் நோயால் இறந்துபோயிருந்தார். வயது 26. இன்று உலகம் முழுக்கப் பள்ளிகளில் வரையப்படும், படிக்குப் படி மேலே குறுகிக்கொண்டே போகும் ஆற்றல் கூம்புக்குப் பின்னால் இந்த இளைஞரின் உழைப்பு இருக்கிறது. பாடப் புத்தகங்கள் அவர் பெயரைச் சொல்லும். அவர் கதையைச் சொல்வது குறைவு. அதனால்தான் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன்.

சரி, ஊற்றுக்குத் திரும்புவோம்.

சில்வர் ஸ்பிரிங்ஸை ஓடம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஊற்றுத் தண்ணீரின் வெப்பநிலை ஆண்டு முழுக்க ஏறக்குறைய 23 டிகிரி செல்சியஸ். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நீரில் கரைந்திருக்கும் பொருள்களும் பெரிதாக மாறுவதில்லை. தண்ணீர் ஒரு முனையில் வந்து மறுமுனையில் போகிறது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியை இயற்கையே கட்டிக்கொடுத்த மாதிரி. மேல்முனையில் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது, கீழ்முனையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், நடுவில் இருக்கும் தாவரங்கள் எவ்வளவு ஒளிச்சேர்க்கை செய்தன என்பதைக் கணக்கிடலாம். இரவில் அளந்தால் எல்லா உயிர்களும் சேர்ந்து எவ்வளவு சுவாசித்தன என்பது தெரியும். ஒரு முழு உயிர்க் கூட்டத்தின் மூச்சை அளக்கிற வேலை அது.

இனி எண்கள். எல்லாமே ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆண்டுக்கான கிலோகலோரி.

வெயிலாக வந்து விழுந்தது 17,00,000. அதில் செடிகள் உள்வாங்கியது 4,10,000. அப்படி உள்வாங்கியதில் சர்க்கரையாகக் கட்டிவைத்தது வெறும் 20,810. அதாவது, விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்றுதான் அதிகம். இதைக் கேட்டதும் இலை இவ்வளவு சோம்பேறியா என்று தோன்றலாம். அப்படி இல்லை. சூரிய ஒளியில் பாதிக்கும் மேல் இலையின் பச்சையத்தால் பயன்படுத்தவே முடியாத அலைநீளங்களில் வருகிறது. மீதியிலும் கொஞ்சம் எதிரொளித்துப் போகும், கொஞ்சம் செடி இல்லாத இடத்தில் விழும், கொஞ்சம் வேதிவினையின் நடுவே வெப்பமாகிவிடும். பல காட்டிலும் வயலிலும் இந்த ஒரு சதவீதம்கூட வருவதில்லை. லிண்டமனின் ஏரியில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் தேறியது.

அடுத்த வரிதான் எனக்கு முதன்முதலில் வியப்பைத் தந்தது. அந்த 20,810இல் 11,977ஐச் செடிகள் தாங்களே செலவழித்துவிட்டன. செடிகள் சமைத்து வைக்கும், மற்றவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். ஆனால் செடியும் ஓர் உயிர். வேர் உப்புகளை உறிஞ்ச, புது இலை விட, பழுதான செல்லைச் சரிசெய்ய, இரவெல்லாம் உயிரோடு இருக்க அதற்கும் ஆற்றல் வேண்டும். சம்பாதித்ததில் பாதிக்கும் மேல் அதன் வீட்டுச் செலவுக்கே போகிறது. மிச்சம் 8,833. ஊற்றில் உள்ள மற்ற எல்லா உயிர்களும் இதை நம்பித்தான் வாழ வேண்டும். ரொட்டி 486 தனி.

இந்த 8,833இல் தாவர உண்ணிகள் எடுத்துக்கொண்டது 3,368. ஆமைகள், நத்தைகள், பூச்சிகளின் இளம்புழுக்கள், மடவை மீன்கள் எல்லாம் இதில் அடக்கம். மடவை என்றால் நம் பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் வலையில் விழுகிற அதே மடவைதான். உலகின் வெப்பக் கடற்கரைகள் பலவற்றில் வாழும் இனம் அது. இவை நீந்தவும் மேயவும் செரிக்கவும் மூச்சுவிடவும் 1,890ஐ எரித்துவிட்டன. உடலாக நின்றது 1,478. இவற்றைத் தின்னும் சிறு ஊனுண்ணிகளுக்குக் கிடைத்தது 383. அவை எரித்தது 316, மிச்சம் 67. அவற்றையும் தின்னும் பெரிய ஊனுண்ணிகளுக்கு, அதாவது பெரிய பாஸ் மீன் போன்றவற்றுக்குக் கிடைத்தது 21. அதிலும் 13 எரிந்துபோக, உடலில் தங்கியது மிகக் கொஞ்சம்.

ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் சுமார் 16 கிலோகலோரி இருக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஓர் ஆண்டு முழுக்க 17 லட்சம் கிலோகலோரி வெயில் கொட்டி, சங்கிலியின் உச்சியில் இருக்கும் மீனின் வாய்க்கு வந்து சேர்ந்தது ஒன்றேகால் டீஸ்பூன் சர்க்கரை அளவு. ரொட்டியையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்வையாளர்கள் பொழுதுபோக்குக்குப் போட்ட 486, ஊற்றின் சிறு ஊனுண்ணிகள் எல்லாம் ஆண்டு முழுக்கத் தேடித் தின்ற 383ஐவிட அதிகம்.

இதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 8,833இல் தாவர உண்ணிகள் தின்றது 3,368 என்றால், தின்னப்படாத மீதி எங்கே? தாவர உண்ணிகளின் உடலான 1,478இல் ஊனுண்ணிகளுக்குப் போனது 383 என்றால், மற்றவை என்ன ஆயின? அவை முதுமையிலோ நோயிலோ இறந்தன. இலைகள் பழுத்து உதிர்ந்தன. கழிவாக அடியில் படிந்தன. அதை எல்லாம் எடுத்துக்கொண்டவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். ஓடத்தின் கணக்கில் சிதைப்பான்களின் பங்கு 5,060. தாவர உண்ணிகள், ஊனுண்ணிகள் எல்லோருடைய பங்கையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. இன்னொரு 2,500 மட்கிய துணுக்குகளாகத் தண்ணீரோடு அடித்துச் செல்லப்பட்டு, கீழே உள்ள ஆற்று உயிர்களுக்குப் போனது.

ஆக, புத்தகத்துப் படத்தில் ஓர் ஓரத்தில் காளான் ஒன்றை வரைந்து 'சிதைப்பான்கள்' என்று எழுதிவிட்டுப் போவது பெரிய அநியாயம். பல இடங்களில் ஆற்றலின் பெருவழி அதுதான். காட்டுக்குள் போய்ப் பாருங்கள். முதுமலையில் கோடையில் காலடியில் நொறுங்குகிற தேக்கிலைகளில் எத்தனை பச்சையாக இருக்கும்போது எதன் வாயிலாவது போயிருக்கும்? மிகக் கொஞ்சம். பெரும்பாலான காடுகளில் இலை மரத்திலேயே பழுத்து, கீழே விழுந்து, கரையானுக்கும் பூஞ்சைக்கும் மண்புழுவுக்கும்தான் போகிறது. யானை தின்றதிலேயே பாதிக்கும் மேல் செரிக்காமல் சாணமாக வெளியே வருகிறது. அந்தச் சாணத்தில் சாணவண்டும் கரையானும், அவற்றைக் கிளறித் தின்னும் பறவையும் வாழ்கின்றன. பிச்சாவரத்துச் சுரபுன்னை இலையும் அப்படித்தான். மரத்தில் இருக்கும்போது அதைத் தின்பவை கொஞ்சம். உதிர்ந்து சேற்றில் ஊறி, நுண்ணுயிர்கள் அதன்மேல் வளர்ந்த பிறகே நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் அது சாப்பாடாகிறது. செத்ததிலிருந்து தொடங்கும் இந்தச் சங்கிலிக்கு மட்கு உணவுச்சங்கிலி என்று பெயர். அலையாத்திக் காட்டை அழித்தால் கடலில் இறால் குறைவது ஏன் என்பதற்கு, அந்த இலை போகும் வழியும் ஒரு காரணம்.

கணக்கை முடித்துவிடுவோம். எல்லா உயிர்களும் சேர்ந்து சுவாசத்தில் எரித்தது 18,796. தண்ணீரோடு போனது 2,500. கூட்டினால் 21,296. வரவுப் பக்கம் ஒளிச்சேர்க்கை 20,810, ரொட்டி 486. அதையும் கூட்டினால் 21,296. கணக்கு நேராகிறது. ஆற்றல் எங்கும் காணாமல் போகவில்லை. ஆனால் எரிந்த அந்த 18,796 கடைசியில் வெப்பமாக மாறித் தண்ணீரிலும் காற்றிலும் கலந்துவிட்டது. அப்படிப் பரவிப்போன வெப்பத்தைத் திரும்பப் பிடித்துச் சர்க்கரையாக்க எந்த உயிராலும் முடியாது.

இந்த இடத்தில்தான் மாணவர்கள் பலர் குழம்புகிறார்கள். இயற்கையில் எல்லாம் சுழற்சிதானே என்று கேட்பார்கள். கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற பொருள்கள் சுழல்கின்றன. இறந்த மீனில் உள்ள நைட்ரஜன் மட்கி, மறுபடி செடிக்குப் போய், மறுபடி மீனாகலாம். ஆற்றலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சூரியனிலிருந்து வருகிறது, உயிர்களின் வழியே போகிறது, வெப்பமாகக் கலைகிறது. ஒரே திசையில் ஓடுகிறது. நாளைக்குச் சூரியன் உதிக்காவிட்டால் சேமிப்பில் இருப்பதை எரித்துக்கொண்டு கொஞ்ச காலம் தள்ளலாம். அவ்வளவுதான்.

அப்புறம், அந்தப் 'பத்து சதவீத விதி'. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்று தேர்வுக்குப் படித்திருப்போம். சில்வர் ஸ்பிரிங்ஸில் தாவரத்திலிருந்து தாவர உண்ணிக்கு 16 சதவீதம், அங்கிருந்து ஊனுண்ணிக்கு 11, அங்கிருந்து உச்சிக்கு 5.5. லிண்டமனின் ஏரியில் தாவர உண்ணிகளுக்குப் போனது 13 சதவீதம். பத்து என்பது கணக்குப் போட வசதியான ஒரு சராசரி. அதை இயற்கை விதி என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எவ்வளவு தேறும் என்பது மூன்று இடங்களில் முடிவாகிறது: இருப்பதில் எவ்வளவைப் பிடித்துத் தின்ன முடிந்தது, தின்றதில் எவ்வளவு செரித்தது, செரித்ததில் எவ்வளவு உடலாக நின்றது. வைக்கோலைத் தின்னும் மாட்டுக்கு இரண்டாவதில் பெரிய இழப்பு. மீனைத் தின்னும் கொக்குக்கு அது குறைவு; இறைச்சி எளிதில் செரிக்கும். ஆனால் கொக்கு மூன்றாவதில் இழக்கிறது. பறவைகளும் பாலூட்டிகளும் உடலை எப்போதும் சூடாக வைத்திருக்க வேண்டும். அதனால் செரித்த ஆற்றலில் 1 முதல் 3 சதவீதம்தான் அவற்றின் வளர்ச்சிக்கும் குட்டிகளுக்கும் போகிறது. உடல் வெப்பத்துக்கென்று செலவு செய்யாத பூச்சி, நத்தை போன்றவற்றில் இது 40 சதவீதம் வரைகூட எட்டும். சில்வர் ஸ்பிரிங்ஸின் தாவர உண்ணிகள் 3,368இல் 1,478ஐ உடலாக நிறுத்த முடிந்ததும், அவை எல்லாம் நத்தையும் புழுவும் மீனும் ஆமையுமாக இருந்ததால்தான்.

இதே கணக்கைக் காட்டுக்குக் கொண்டுபோனால் புலி ஏன் அரிது என்பது புரியும். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்த் பல பத்தாண்டுகள் புலிகளையும் அவற்றின் இரை விலங்குகளையும் எண்ணி ஆராய்ந்தவர். ஒரு புலிக்கு ஆண்டுக்கு மான் அளவிலான இரை சுமார் 50 வேண்டும். இரை விலங்குகளின் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டுமானால், அதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதத்தைத்தான் புலி எடுக்கலாம். அப்படியானால் ஒரு புலிக்குப் பின்னால் புள்ளிமான், கடமான், காட்டுமாடு என்று 500 குளம்பு விலங்குகள் உயிரோடு மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்நூறுக்கும் புல்லும் இலையும் கொடுக்கிற காடு வேண்டும். குட்டிகளோடு இருக்கும் பெண்புலிக்கு இன்னும் அதிகம். காட்டில் புலியைக் காப்பாற்றுவது என்றால் முதலில் மானைக் காப்பாற்றுவது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. வேட்டைக்காரன் ஒரு புலியையும் சுடாமல், கண்ணி வைத்து மான்களை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலும் அந்தக் காட்டில் புலி இருக்காது.

புலியை மட்டுமே தின்று வாழும் விலங்கு ஒன்று ஏன் இல்லை என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன சொல்வது? அப்படி ஒன்று இருந்தால், அதன் ஒரு குடும்பத்துக்கு எத்தனை புலி வேண்டும், அத்தனை புலிக்கு எத்தனை காடு வேண்டும் என்று போட்டுப் பார்க்கச் சொல்லலாம். இரை தேடி நடக்கிற நடையிலேயே தின்றது எரிந்துபோகும். உணவுச்சங்கிலிகள் பெரும்பாலும் நான்கு ஐந்து கண்ணிகளோடு நின்றுவிடுவதற்கு ஆற்றல் குறைந்துகொண்டே போவது ஒரு முக்கியக் காரணம்.

கடலில் இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். இங்கிலாந்துக் கால்வாயில் 1950 வாக்கில் அளந்தபோது ஒரு சதுர மீட்டருக்கு மிதவைத் தாவரங்கள் 4 கிராம், அவற்றைத் தின்னும் மிதவை விலங்குகள் 21 கிராம் இருந்தன. தின்பவை அதிகம், தின்னப்படுபவை குறைவு. கூம்பு தலைகீழாக நிற்கிறது. இது எப்படி என்றால், டீக்கடையில் எந்த நேரம் போய்ப் பார்த்தாலும் அடுப்பில் ஒரு பாத்திரம் பால்தான் இருக்கும். ஆனால் காலையிலிருந்து இரவுவரை அந்தக் கடை நூற்றுக்கணக்கான பேருக்கு டீ போட்டிருக்கும். பாத்திரத்தில் இருப்பது இருப்பு. அன்றைய விற்பனை ஓட்டம். கடலின் மிதவைத் தாவரங்கள் ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடியவை. வளர வளரத் தின்னப்படுகின்றன. அதனால் இருப்பு சிறிதாகவும் ஓட்டம் பெரிதாகவும் இருக்கிறது. எடைக் கூம்பு தலைகீழாகலாம். ஆற்றல் ஓட்டத்தின் கூம்பு ஒருபோதும் தலைகீழாகாது.

கடலில் இன்னொன்றும் நடக்கிறது, நம் சந்தை விலைக்கு நெருக்கமான ஒன்று. நடுக்கடலில் வாழும் மிதவைத் தாவரங்கள் மிக மிக நுண்ணியவை. அவற்றைத் தின்ன அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒற்றைச்செல் உயிர், அதைத் தின்னச் சிறு மிதவை விலங்கு, அதைத் தின்னப் பெரிய மிதவை விலங்கு, பிறகு சிறு மீன், பிறகு சூரை. படிக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோ மிதவைத் தாவரம் ஐந்து படி ஏறி 10 கிராம் சூரையாகிறது. கரையோரத்தில் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த, ஊட்டச்சத்து நிறைந்த தண்ணீர் மேலே வருகிறது. டயாட்டம் என்ற பெரிய மிதவைத் தாவரங்கள் அதில் பெருகுகின்றன. மத்தி, குமரி மாவட்டத்தில் சாளை என்பார்கள், அந்த மீன் டயாட்டத்தையே வடிகட்டித் தின்னும். மிதவை விலங்கையும் சேர்த்துத் தின்றாலும், ஒன்றிலிருந்து இரண்டு படிதான். அதே 1,000 கிலோவிலிருந்து 10 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் நடுவே மத்தி கிடைக்கும். உலகின் கடல்களை வைத்து இந்த ஒப்பீட்டை ஜான் ரைதர் 1969இல் செய்தார். அடித்தண்ணீர் மேலெழும் இடங்கள் கடற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் உலக மீன் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வருகிறது என்பது அவருடைய மதிப்பீடு. பின்னால் வந்தவர்கள் அவருடைய எண்களைத் திருத்தினார்கள். சங்கிலி குட்டையாக இருக்கும் இடத்தில் மீன் மிகும் என்ற அடிப்படை நிற்கிறது. மத்தி ஏழையின் மீனாக இருந்ததற்கு இந்தக் குட்டைச் சங்கிலி ஒரு பெரிய காரணம். அதே மத்தியை அரைத்து மீன்தூளாக்கி, பண்ணை இறாலுக்கும் மீனுக்கும் போடும்போது நாம் சங்கிலியில் வேண்டுமென்றே ஒரு கண்ணியைக் கூட்டுகிறோம். தட்டுக்கு நேராக வந்திருக்கக்கூடிய உணவில் பெரும்பகுதி பண்ணைக் குட்டையில் வெப்பமாகக் கலைகிறது. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

ஆற்றல் இப்படிக் கலைந்துபோகிறது என்றால், கலையாமல் தங்கிவிடும் ஒன்று உணவோடு சேர்ந்து உள்ளே போனால் என்ன ஆகும்? கலிபோர்னியாவின் கிளியர் லேக் என்ற ஏரியில் அது நடந்தது. ஏரிக்கரையில் தொல்லை கொடுத்த சிறு பூச்சிகளை ஒழிக்க, டிடிடிக்கு நெருங்கிய உறவான ஒரு பூச்சிமருந்தை 1949, 1954, 1957 ஆகிய மூன்று முறை ஏரியில் கலந்தார்கள். மிகக் கவனமாகத்தான் கலந்தார்கள். கடைசி இரண்டு முறையும் தண்ணீரில் 10 லட்சத்தில் 0.02 பங்கு. பிறகு முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதக்கத் தொடங்கின. ஆயிரம் ஜோடி கூடுகட்டிய ஏரியில் 1960 வாக்கில் 30 ஜோடி அளவுதான் மிஞ்சியது. செத்த பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது மருந்து 10 லட்சத்தில் 1,600 பங்கு இருந்தது. தண்ணீரில் இருந்ததைப் போல 80,000 மடங்கு. மிதவை உயிரியைத் தின்ற சிறுமீன் தின்றதில் பெரும்பகுதியை எரித்துவிட்டது. ஆனால் அதோடு வந்த மருந்து எரியவில்லை, கொழுப்பில் தங்கிவிட்டது. அந்தச் சிறுமீன்களைப் பெரிய மீன் தின்றது, அதைப் பறவை தின்றது. ஒவ்வொரு படியிலும் உணவு குறைய, நஞ்சு குறையாததால் அதன் செறிவு ஏறியது. உச்சியில் இருப்பவருக்கு ஆற்றல் மிகக் குறைவாகவும் நஞ்சு மிக அதிகமாகவும் வருவதற்குக் காரணம் ஒன்றுதான்.

ஓடம் அளந்த ஊற்று இன்றும் ஓடுகிறது. 2013இலிருந்து அது மாநிலப் பூங்கா. கண்ணாடிப் படகுகளும் போகின்றன. ஆனால் அவர் பார்த்த ஊற்று இல்லை. நிலத்தடி நீரில் உரமும் கழிவும் கலந்து நைட்ரேட் கூடியது. ஊற்றுநீரின் வரத்து குறைந்தது. நீர்ப்புல்லின் மேல் பாசி படர்ந்தது. ஊற்று கலக்கும் ஒக்லவாஹா ஆற்றில், கப்பல் கால்வாய் ஒன்றுக்காக 1968இல் ராட்மன் அணையைக் கட்டி முடித்தார்கள். 1971இல் அந்தக் கால்வாய்த் திட்டமே நிறுத்தப்பட்டது; அணை மட்டும் நின்றுவிட்டது. மடவை கடலில் முட்டையிட்டு, குஞ்சுகள் ஆறு ஏறி வந்து வளர்கிற மீன். அணைக்குப் பிறகு அவை வரும் வழி அடைபட்டது. தாவர உண்ணிகளின் அந்த 3,368இல் பங்கு வைத்திருந்த மடவைக் கூட்டங்கள் ஊற்றில் அரிதாகிப் போயின. வெயில் மட்டும் அன்று விழுந்த மாதிரியே விழுகிறது. அணையை உடைக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்ற வாதம் அரை நூற்றாண்டு தாண்டியும் ஃபுளோரிடாவில் ஓயவில்லை.